மேல என்றொரு சொல்

"மேல" என்றார் கோமதிநாயகம்.

அவர் மனைவி சுஜா கட்டிலின் கால்மாட்டில் குனிந்து கைப்பிடியை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினாள். வாடகைக்கு எடுத்த கட்டில் முனகிக்கொண்டே தலைமாட்டைத் தூக்கிக் கொடுத்தது. அவர் இப்போது பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

"போதுமா?"

"மேல." இடக்கையைத் தூக்கித் தலையைத் தாண்டி வீசினார். "மேல. மேல!"

"இதுக்கு மேல ஒயராது. அப்புறம் மடங்கி எம்மேலதான் விழுவீங்க."

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பல்லையும் சேர்த்து மூடிக்கொண்டார். அவள் நீட்டிய கஞ்சிக் கரண்டி உதட்டில் இடித்து, கஞ்சி கழுத்தில் வழிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திருவனந்தபுரம் கரமனை வீட்டுக்கு வந்த நான்கு நாளாக இதே பாடுதான். காலையில் கொஞ்சம் அடங்கிக் கிடப்பார். சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடும். சுஜா தலையணையை உயர்த்திப் பார்த்துவிட்டாள். மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள், நிறுத்தினாள். சுவரிலிருந்த கோமதியம்மன் படத்தைக் கழற்றி மடியில் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏணி போட்டுப் பரணில் ஏறி, பெட்டி, கிழிந்த குடை, பழைய கம்ப்ரஸர், மகள் மாளவிகாவின் சின்ன வயசு சைக்கிள் என்று ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினாள். மேலே இருந்த எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்தாயிற்று. அந்தச் சொல்லுக்கு மட்டும் பொருள் கிடைக்கவில்லை.

பத்தொன்பது நாளுக்கு முன்பு, ஒரு வீட்டில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார், கை போகவில்லை. மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது என்று டாக்டர் தாளில் படம் போட்டுச் சொன்னார். உடம்பின் வலப்பாதியை ஆட்டி வைப்பது மூளையின் இடப்பாதி. அதனால் வலக்கையும் வலக்காலும் போயின. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு இருப்பதும் அதே இடப்பாதியில்தான். அதனால் பேச்சும் போயிற்று. பேச்சு போனது என்றால் நாக்கு போனதென்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது, எடுத்துத் தருகிற ஆள்தான் கீழே விழுந்துவிட்டான். சாவி என்று நினைத்து 'சட்டி' என்பார்கள். சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் கையில் அகப்படும். கிடைத்த அதையே எல்லோரிடமும் நீட்டுவார்கள்.

"அவர் சொல்றதுக்கு அர்த்தம் இருக்குமா டாக்டர்?" என்று சுஜா கேட்டிருந்தாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

இன்று மதியம் சுமி வந்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் வீடு வீடாக வந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ். கோமதிநாயகத்தின் புறங்கைத் தோலை இரு விரலால் கிள்ளி இழுத்துவிட்டாள். நம் கையில் அப்படிச் செய்தால் தோல் சட்டென்று படிந்துவிடும். உடம்பில் தண்ணீர் இல்லையென்றால் கிள்ளிய இடம் கூடாரம் மாதிரி அப்படியே நிற்கும். அவர் கையில் நின்றது.

"சேச்சி, இது சரியாவில்லா. தொண்டைக்கு ஒண்ணும் இல்ல, விழுங்க முடியும். இவர்தான் விழுங்க மாட்டேங்கறார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் வருவேன். அதுக்குள்ள அரை லிட்டராவது உள்ளே போகணும். இல்லேன்னா மூக்கு வழியா டியூப் போடாம வழியில்ல."

"டியூப் வேண்டாம் சுமி. ஆஸ்பத்திரியில போட்டத இவரு பிச்சு எறிஞ்சாரு."

"அறியாம், தெரியும் சேச்சி." சுமி குரலைத் தாழ்த்தினாள். "அதுக்குத்தான் கையக் கட்டறது."

சுஜாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அந்த இடக்கையைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். உடம்பில் மிச்சமிருந்த ஒரே கை. அந்த ஐந்து நாளும் கோமதிநாயகம் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கட்டப்பட்ட கையை மட்டுமே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவள் மனசை அரித்தது டியூப் மட்டுமில்லை. முந்தாநாள் மாலை நடந்தது அதைவிடக் கொடியது.

கோமதிநாயகத்துக்கு வானம் பார்க்கிற கிறுக்கு உண்டு. மொட்டைமாடியில் ஒரு டெலஸ்கோப் தார்பாய்க்குள் நிற்கிறது. பதினோரு வருஷமாகத் தினமும் இருட்டுகிற நேரத்தில் எதையாவது பார்த்துவிட்டு, 'கரமனை வானம்' என்ற தன் வலைப்பூவில் எழுதுவார். 'மேல' என்றால் மாடிக்குத்தான் என்று முந்தாநாள் மாளவிகாவுக்குத்தான் முதலில் தோன்றியது. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் பெண், அன்று லீவு போட்டிருந்தாள்.

"அப்பா, மேலேயா? டெரஸுக்கா?"

அவர் வேகமாகத் தலையாட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சுஜாவுக்கும் வந்தது.

கீழ்வீட்டுக்காரர் ஹரிகுமார்தான் வீட்டு உரிமையாளரும். அவரும் அவர் மகன் சுஜித்தும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்து விடாமல் துண்டால் நெஞ்சைச் சேர்த்துக் கட்டி, ஆளுக்கொரு காலாகப் பிடித்துப் பத்தொன்பது படி ஏற்றினார்கள். டெலஸ்கோப்பின் முன்னால், தெற்கே பார்த்து நாற்காலியை வைத்தார்கள். ஹரிகுமார் மூச்சு வாங்கினார்.

"அண்ணாச்சி ஒரு ஃபிரிட்ஜை விட கனம், கேட்டோ."

எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பிறகு கையைத் தூக்கித் தலைக்கு மேலாக வலப்பக்கம் எறிவதுபோல் வீசினார்.

"மேல."

"மேலே வந்தாச்சல்லோ அண்ணாச்சி! இனி எவிடெ மேலே? ராக்கெட்டா விடணும்?"

"மேல! மேல!" நாற்காலி ஆடியது. துண்டைப் பிய்த்தார். வலப்பக்கம் மாடிப்படி வந்து ஏறுகிற சின்ன அறையின் சுவர்தான் இருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. விழுந்துவிடுவார் என்ற பயத்தில் அப்படியே கீழே தூக்கி வந்துவிட்டார்கள்.

படியிறங்கும்போது ஹரிகுமார் சுஜாவிடம் மெல்லச் சொன்னார். "சுஜே, ஒண்ணு சொன்னா விஷமிக்கருது, வருத்தப்படக்கூடாது. எங்க அம்மாவன், என் தாய்மாமா, அவரும் கடைசியில இப்படித்தான். மேலே கையக் காட்டிக்கிட்டே கிடந்தார். போகணும்னு தோணினா சாப்பாட்டையும் நிறுத்திடுவாங்க."

அன்றிலிருந்து அந்தச் சொல் அவளுக்கு அப்படித்தான் கேட்டது. 'என்னை மேலே அனுப்பு' என்று கேட்கிறார். வாயை மூடிக்கொள்வதும் அதற்குத்தான். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், மனசார விடை கேட்கிறார். இவளோ கரண்டியைக் கொண்டு பல்லை நெம்பிக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். அவர் கேட்பதைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நினைத்த தலையைத் தானே அடித்துக்கொண்டாள்.

ஐந்தரை மணிக்கு மாளவிகா வந்தாள். ஆற்றுக்கால் கோயிலின் மாசிப் பொங்காலைக்கு ரோட்டோரம் செங்கல் அடுக்கத் தொடங்கிவிட்டதால் பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்ததாம். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"என்னம்மா, குடிச்சாரா?"

"நாலு ஸ்பூன் சாயா. அதோட சரி. நாளைக்கு டியூப்."

"கையக் கட்டுவாங்களா?"

சுஜா ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடப் போனாள். பக்கத்தில் ஆறு, ஆறு மணிக்கு முன்னால் மூடாவிட்டால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். ஜன்னல் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. கட்டிலை அங்கே போட்டதற்குக் காரணம் பிளக். அவர் கிடப்பது காற்று மெத்தை. அதற்குள் வரிசையாக நிறையக் குழாய்கள். ஒரு சின்ன பம்பு ஒன்று விட்டு ஒன்றாக அவற்றில் காற்றை அடைத்தும் இறக்கியும் மாற்றிக்கொண்டேயிருக்கும். உடம்பின் ஒரே இடத்தில் பாரம் நிற்காது, புண் வராது. அந்தப் பம்பின் வயருக்கு நீளம் போதாது. பிளக் இருந்தது ஜன்னல் சுவரில்.

"அம்மா, அப்பாவோட பிளாகில கமென்ட் வந்திருக்கு, ஃபோனை வாசிக்க விட்டுக் கேட்டேன். பத்தொன்பது நாளா ஏன் எழுதலன்னு பதினாலு பேர் கேட்டிருக்காங்க. என்ன பதில் போட?"

"நீயே எதையாவது போடு."

"எனக்கு எழுதத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் அந்த வீட்டின் விசித்திரம். சுஜாவின் முன்னோர் நாலு தலைமுறையாகக் கரமனையில் இருக்கும் தமிழர்கள். வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் அவள் படித்தது மலையாளம். தினமும் ஒரு தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து ஊர் ஜனங்களின் மனுக்களை மலையாளத்தில் அடிக்கிறாள்; தமிழில் தன் பேரைப் படிக்கத் தெரியாது. மாளவிகாவும் அப்படியே. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வயசில் வேலைக்கு வந்த கோமதிநாயகம் ஒருவருக்குத்தான் அந்த எழுத்து தெரியும். பதினோரு வருஷம் எழுதியதில் ஒரு வரியைக்கூட வீட்டில் இருப்பவர்கள் படித்ததில்லை.

"ஃபோன் வாசிக்கும்மா. பக்கத்தைத் திறந்து விட்டா அதுவே படிச்சிடும்" என்றாள் மாளவிகா. "அவருக்கு என்ன பிடிக்கும்னாவது எழுதியிருப்பாரு."

சுஜா தரையில், கட்டிலின் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஃபோன், உணர்ச்சியில்லாத ஒரு பெண் குரலில் அவள் வீட்டு விஷயத்தை அவளுக்கே சொல்லத் தொடங்கியது. கோமதிநாயகம் பேசுகிற மாதிரியேதான் எழுதியிருந்தார்.

"இன்னைக்கு எங்க வீட்டுல உள்ளித் தீயல். சுஜா வச்சா ரெண்டு பிடி சோறு கூடத் தின்னு போயிரும். வயிறு நெறஞ்சா டெலஸ்கோப்புல குனிய முடியாது. ஆனாலும் விடல, நானும் வெள்ளியும் எட்டு மாசமா ஒரு நாளும் தவறாமப் பார்த்துக்கிடுதோம்."

கட்டிலில் அசைவு நின்றது. கோமதிநாயகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கைய நீட்டி வெரல அடுக்கிப் பிடிச்சா ஒரு வெரலு ரெண்டு பாகை. வெள்ளி இன்னைக்கு எதுத்த தென்னை உச்சிக்குப் பன்னெண்டு வெரல் ஒசரம். போன வாரம் பதிமூணு. நம்மகிட்ட நெருங்க நெருங்க அது பெருசாகும், ஆனா மெலிஞ்சு பிறையாகும். அடுத்த மாசம் பாதியில சூரியனோட முழுகிரும். அதுவரைக்கும் ஒரு நாளும் விடாம அளந்து எழுதணும், வாக்கு கொடுத்தாச்சு."

மாளவிகா இன்னொரு நாளைத் தொட்டாள்.

"தைப்பூசம். ஆறரை மணி. சூரியன் மேல எறங்கிக்கிட்டிருக்கு. அதே நேரம் நிலா கீழ ஏறிக்கிட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நான் நிக்கேன்."

"நிறுத்து" என்றாள் சுஜா. "அதை மறுபடியும் போடு."

சூரியன் மேல எறங்கிக்கிட்டிருக்கு. நிலா கீழ ஏறிக்கிட்டிருக்கு.

"மெஷின் தப்பா வாசிக்குதோ?" என்றாள் மாளவிகா. "மேலே எப்படி இறங்கும்?"

மேலே இறங்க முடியாது. அது சுஜாவுக்கும் தெரிந்தது. ஆனால் எழுதியவர், ஏசி மாட்டுகையில் ஒரு நூல் சாய்ந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுகிற ஆள். சூரியனைத் தப்பாக எழுத மாட்டார். ஆறரை மணிக்குச் சூரியன் எங்கே இறங்கும்? மேற்கே. பௌர்ணமியை ஒட்டிய நாளில், சூரியன் ஒரு பக்கம் இறங்கும்போது நிலா எதிர்ப்பக்கம் எழும்பும். கிழக்கே.

கல்யாணமான புதிதில் அவர் ஊருக்குப் போனது நினைவு வந்தது. மேலத்தெருவில் வீடு என்றார்கள். மேட்டில் இருக்கும் என்று நினைத்துப் போனாள். ஊர் தட்டு மாதிரி சமமாக இருந்தது. எதற்கு மேலத்தெரு என்று அப்போது அவள் கேட்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு வந்தபின் அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். 'படிஞ்ஞாறே சுவர்ல ஏசி வைக்காதீங்க சாரே, வெயில் அடிக்கும்' என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டிலும் மேற்கு என்றால் படிஞ்ஞாறுதான். மூளை அடிபட்டால் பின்னால் கற்ற பாஷை முதலில் போய், சின்ன வயசுப் பாஷை மட்டும் மிஞ்சுவது சிலருக்கு நடக்கும். அவருக்குப் படிஞ்ஞாறு போய்விட்டது. மேல மிஞ்சியது.

அவள் எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள். கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில். அவர் தலையைத் தாண்டிப் பின்னால் கையை வீசியது கூரையை அல்ல, ஜன்னலை. இவள் தினமும் ஆறு மணிக்கு அடைத்துத் திரை போடுகிற ஜன்னலை. மாடியில் வலப்பக்கம் கையை எறிந்தது, அந்தப் படி அறை மறைத்திருந்த மேற்கை.

"படிஞ்ஞாறா?" என்று கேட்டாள். அவர் கண் வெறுமையாக இருந்தது. "மேலப் பக்கமா? சூரியன் எறங்குற பக்கமா? வெள்ளியப் பாக்கணுமா?"

கோமதிநாயகத்தின் வாய் கோணியது. சத்தமே வராமல் அழுதார். இடக்கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விடவில்லை.

"மாளு! கீழே போய் ஹரி சேட்டனையும் சுஜித்தையும் கூப்பிடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

மணி ஆறு ஐம்பது. பம்பின் வயரைப் பிடுங்கினார்கள். மெத்தையில் காற்று இறங்கப் பத்து நிமிஷமாவது ஆகும், அதற்குள் எக்ஸ்டென்ஷனில் மாட்டிவிடலாம். சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டுக் கட்டிலை அரைவட்டம் திருப்பினார்கள். தலை கிழக்கே, கால் மேற்கே. ஹரிகுமார் திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். ஜன்னலின் வலது ஓரத்தில், தென்னைக்கு மேலே, வெள்ளி விளக்கு மாதிரி நின்றது. சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று வடக்கே.

"தெரியுதா அப்பா?"

அவர் ஜன்னலின் இடப்பக்கத்திலேயே தேடினார். மறுபடி தேடினார். முகம் விழுந்தது.

"காணல்லயா?" என்றார் ஹரிகுமார். "அண்ணாச்சி, அதா, அங்ஙோட்டு!"

சுஜா வெள்ளியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டாக்டர் போட்ட படம் நினைவு வந்தது. அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாம் பார்க்கும் காட்சியின் வலப்பாதி, இரண்டு கண்ணிலிருந்தும் மூளையின் இடப்பாதிக்குத்தான் போய்ச் சேருகிறது. அங்கே அடைப்பு. அதனால் நேரே பார்க்கும்போது வலப்பாதி அவருக்கு இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் தட்டின் இடப்பக்கத்து இட்லியை மட்டும் தின்றுவிட்டு, தட்டு காலி என்று தள்ளிவிட்டாரே.

"இன்னும் திருப்பணும். ஜன்னல் அவருக்கு இடப்பக்கமா வரணும். காலை வடக்க தள்ளு சுஜித். இன்னும். இன்னும் கொஞ்சம்."

கட்டில் அறையின் குறுக்கே கோணலாக நின்றது. ஆள் நடக்க இடமில்லை.

கோமதிநாயகத்தின் பார்வை ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு இடக்கையை மெல்ல முன்னால் நீட்டினார். ஒரு கண்ணைச் சுருக்கி, விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து, தென்னை உச்சியிலிருந்து வெள்ளிவரைக்கும் அடுக்கிப் பார்த்தார். இரண்டு தரம் அளந்தார். மாளவிகாவிடம் மூன்று விரலைக் காட்டினார். அவள் ஃபோனில் தேதியைப் போட்டு, மூன்று என்று எழுதிக் காட்டினாள்.

சுஜா கஞ்சி டம்ளரை எடுத்து, இந்த முறை இடப்பக்கமாக நின்று நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார்.

ஏழே முக்காலுக்கு அவள் சுமிக்கு ஃபோன் செய்தாள்.

"மூணு டம்ளர் போயாச்சு சுமி. அரை லிட்டருக்கு மேலயே இருக்கும். டியூப் வேண்டாம்."

"ஐயோ, எந்து செய்து சேச்சி?"

"கட்டிலைத் திருப்பினேன். ஜன்னல் அவருக்கு இடப்பக்கம் இருக்கணும். சாயங்காலம் திரை போடக்கூடாது, கொசுவுக்கு வலை அடிச்சுக்கலாம். வெள்ளி தெரிஞ்சு, அளந்து முடிச்சப்புறம் கஞ்சி, அதுவும் இடப்பக்கத்திலிருந்து கொடுக்கணும். பின்னே, 'மேல'ன்னா மேலே இல்ல. மேற்கு."